சார் வரலையா மேடம்?

எங்கள் வீட்டு டிவியின் முன்பக்கம் மாமாவுடையது, பின்பக்கம் என்னுடையது. மாமனார் ஹாலில் கட்டில் போட்டு, ரிமோட்டைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு செய்தி பார்ப்பார். வெள்ளிக்கிழமைதோறும் அதைத் திருப்பி வைத்துத் தூசி துடைப்பவள் நான். எளாவூரில் தூசிக்கா பஞ்சம்? ஒருபுறம் ஆந்திராவுக்குப் போகும் நெடுஞ்சாலை, சோதனைச்சாவடியில் வரிசை கட்டி நிற்கும் லாரிகள். மறுபுறம் கும்மிடிப்பூண்டி சிப்காட். ஒரு வாரம் விட்டால் டிவி முதுகில் விரலால் கோலம் போடலாம். துடைத்துத் துடைத்தே அங்கே என்னென்ன போர்ட் இருக்கின்றன என்பது எனக்கு மனப்பாடமாகிவிட்டது. ஆன்டெனாவுக்கு ஒன்று, மஞ்சள்-வெள்ளை-சிவப்பாக ஏவி மூன்று, யூஎஸ்பி ஒன்று, எச்டிஎம்ஐ இரண்டு. கேபிள் பெட்டி ஒரு எச்டிஎம்ஐயை எடுத்துக்கொண்டது. இன்னொன்று வாங்கிய நாளிலிருந்து காலி. (வாங்கியது நான், என் சீட்டுப் பணத்தில். 32 அங்குலம். இதை அடைப்புக்குறிக்குள் போடுகிறேன், வீட்டிலும் அது அடைப்புக்குறிக்குள்தான் இருந்தது.)

அந்தக் காலி போர்ட்டில் என் கம்ப்யூட்டரை இணைக்க வேண்டும் என்ற எண்ணம் 2020 ஐப்பசியில் வந்தது.

நான் வீட்டில் டியூஷன் எடுப்பவள். அந்த ஆண்டு பத்தாம் வகுப்புப் பெண்கள் ஏழு பேர் என்னிடம் இருந்தார்கள். பள்ளி மூடி எட்டு மாதம். 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, அரசு கேபிளில் 200ஆம் எண்ணில், பாடங்களை ஒளிபரப்பிக்கொண்டிருந்தது. நல்ல பாடங்கள்தான். ஆனால் அதற்கென்று ஒரு நேரம் உண்டு, அந்த நேரம் பெண் பிள்ளைகளின் நேரம் அல்ல. கணக்குப் பாடம் ஓடும்போது ஒருத்தி லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்பாள். இன்னொருத்தி தம்பிக்குச் சோறு போடுவாள். அதே பாடங்கள் யூடியூபில் இருந்தன, ஆனால் வீட்டுக்கு ஒரு போன், அந்தப் போன் அண்ணன் கையில். ஏழு பேரில் ஒருத்திக்குக்கூடச் சொந்தமாகப் போன் இல்லை. என்னுடைய ஐந்தரை அங்குலப் போனைச் சுற்றி ஏழு தலைகள் முட்டிக்கொண்டால் முக்கோணத்தின் எந்தக் கோணம் எது என்று யாருக்குத் தெரியும்?

கும்மிடிப்பூண்டியில் ஒரு பிரவுசிங் சென்டர் ஊரடங்கில் படுத்துவிட்டது. கடையைக் காலி செய்தவர்களிடம் ஒரு பழைய ஒல்லி கம்ப்யூட்டரை 3,000 ரூபாய்க்கு வாங்கினேன். கோர் 2 டுவோ, 4 ஜிபி ராம், மானிட்டர் கிடையாது. அதன் முதுகில் இருந்த ஒரே காட்சி இணைப்பு விஜிஏ, பதினைந்து குத்தூசிக்கு இடம் வைத்த அந்த நீலத் துளை. என் டிவியில் விஜிஏ இல்லை. சில வருடங்களுக்கு முந்தைய டிவிகள் பலவற்றில் இருந்தது. இருந்திருந்தால் ஒரு ஒயரோடு வேலை முடிந்திருக்கும், இந்தக் கட்டுரையும் இருக்காது.

யாரிடம் கேட்டாலும் ஒரு குறுக்கு வழி சொன்னார்கள். "பென் டிரைவ்ல போட்டு டிவியிலேயே செருகுங்க." வீடியோ ஓடும். பாடநூல் பிடிஎஃப் திறக்காது, நடுவில் நிறுத்தி நாம் ஒரு வரி எழுத முடியாது. "விஜிஏவை எச்டிஎம்ஐ ஆக்கும் சின்னப் பெட்டி ஒன்று இருக்கிறது, 600 ரூபாய்." படம் வரும். ஆனால் என் சிக்கல் ஒயரில் மட்டும் இல்லை. அந்தக் கம்ப்யூட்டரின் போர்டிலேயே இருந்த காட்சிச் சில்லுக்கு இன்றைய வீடியோக்களைத் தானாக விரித்துக் காட்டத் தெரியாது. முழு வேலையும் பழைய பிராசசர் தலையில் விழும், ஆசிரியர் வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போகும். எச்டிஎம்ஐ வாயும், வீடியோவை விரிக்கத் தெரிந்த தனிச் சில்லும் சேர்ந்து வேண்டும் என்றால் அதற்குப் பெயர் கிராபிக்ஸ் கார்டு.

இந்த இடத்தில் எனக்கு ஒரு பழைய டிவி நினைவுக்கு வருகிறது. 2006 தேர்தலில் வாக்குறுதியாகி, அதே ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் பொன்னேரியில் என் அம்மா வீட்டுக்கும் 14 அங்குல டிவி ஒன்று வந்தது. அந்த டிவியை வைத்து எத்தனை கேலி! பெண்கள் சீரியல் பார்த்துக் கெட்டுப்போக அரசு காசு செலவழிக்கிறது என்று டீக்கடையில் பேசினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2013இல்தான் தீர்ப்பு வந்தது. எங்கள் வீட்டில் அந்த டிவியைக் கம்ப்யூட்டரோடு முதலில் இணைத்தவன் என் தம்பி. டிவி-அவுட் உள்ள கார்டு ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்தான். அதன் முதுகில் வட்டமாக ஒரு எஸ்-வீடியோ துளை. அங்கிருந்து மஞ்சள் ஏவி துளைக்கு ஒரு ஒயர். ஒயரை ஆடாமல் பிடித்துக்கொண்டு டிவிக்குப் பின்னால் நின்றது நான். "வருதாடா?" "வருது, வருது, கை எடுக்காதே!"

சினிமா வந்தது. எழுத்து வரவில்லை. எழுத்தெல்லாம் நீரில் ஊறிய காகிதம் மாதிரி. காரணம் பிறகுதான் புரிந்தது. அந்த மஞ்சள் ஒயரில் வெளிச்சமும் நிறமும் ஒன்றாகக் கலந்து போகும். நம் ஊர் பழைய டிவி முறையில் கோடுகள் மொத்தம் 625, கண்ணுக்குத் தெரிவது 576, அதையும் ஒற்றைப்படைக் கோடு ஒருமுறை, இரட்டைப்படைக் கோடு ஒருமுறை என்று மாற்றி மாற்றி வரையும். அசையும் முகத்தைக் காட்ட அது போதும். அசையாமல் நிற்கும் சின்ன எழுத்தைக் காட்ட முடியாது, எழுத்தின் ஓரங்கள் துடித்துக்கொண்டே இருக்கும். தம்பிக்கு அது குறையாகப் படவில்லை, அவனுக்கு வேண்டியது சினிமா. படிக்க வேண்டியவள் நான், அப்போது பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு. அன்றைக்கு வீட்டில் இருந்தது பார்க்கும் திரை. எனக்கு வேண்டியிருந்தது படிக்கும் திரை. 2020இல் நான் கார்டு வாங்கப் போனது அந்த இரண்டாவது திரைக்காக.

அத்தைக்கு இது பிடிக்கவில்லை. என் மாமியார் அதிகம் பேசாதவர், பேசினால் வெட்டு ஒன்று துண்டு ரெண்டு. "இன்னாத்துக்கு இதெல்லாம் கத்துக்கிற? தெரியும்னு சொன்னா அதையும் உன் தலையில கட்டிடுவானுங்க. எனக்கு மோட்டர் போடத் தெரியாதுன்னு முப்பது வருஷமா சொல்லிக்கினு இருக்கேன். எனக்கா தெரியாது?"

இதைக் கேட்டபோது சிரித்துவிட்டேன், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஆன் கிரே என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1992இல் வெளியிட்ட ஒரு நூலுக்காக யார்க்‌ஷயர் பகுதிப் பெண்களிடம் வீடியோ கேசட் ரெக்கார்டரைப் பற்றிப் பேசினார். வீட்டுச் சாதனங்களுக்கு இளஞ்சிவப்பு, நீலம் என்று வண்ணம் தரச் சொன்னார். துணி தேய்க்கும் பெட்டி இளஞ்சிவப்பு, ரெக்கார்டரின் டைமர் நல்ல நீலம். ஆனால் அவர் கண்ட இன்னொன்றுதான் எனக்கு முக்கியம். சில பெண்கள் அந்த டைமரை வேண்டுமென்றே கற்றுக்கொள்ளவில்லை. கற்றால் அதுவும் தங்கள் வேலையாகிவிடும் என்று கணக்குப் போட்டார்கள். கணக்குப் போட்ட அறியாமை. யார்க்‌ஷயர் அம்மாக்களும் எங்கள் அத்தையும் ஒரே பள்ளிக்கூடம். அதற்குச் சில ஆண்டுகள் முன், 1986இல், டேவிட் மோர்லி தெற்கு லண்டனில் 18 குடும்பங்களைக் கேட்டு எழுதியதில் ரிமோட் பெரும்பாலும் அப்பாவின் நாற்காலிக் கைப்பிடியில் இருந்தது. இங்கே தலையணைக்கடியில்.

அத்தை சொன்னதை நான் தள்ளிவிடவில்லை. பெண்களுக்குத் தொழில்நுட்பம் தெரியாது என்பவர்களுக்கு அது நல்ல பதில்: எங்களில் சிலருக்குத் தெரியாமல் இருப்பதே ஒரு தற்காப்பு. ஆனால் தெரியாமல் இருந்தால் மோட்டரை வேறு யாராவது போடுவார்கள். கம்ப்யூட்டரை வேறு யாராவது போட்டால் எதைப் பார்ப்பது என்பதையும் அவர்கள்தான் முடிவு செய்வார்கள். நான் ரிச்சி தெருவுக்குக் கிளம்பினேன்.

தனியாகத்தான் போனேன், அதற்கு ஒரு வேடிக்கையான காரணம் உண்டு. ஊரடங்குக்குப் பின் சென்னைப் புறநகர் ரயில்களில் முதலில் அத்தியாவசியப் பணியாளர்களை மட்டும் ஏற்றினார்கள். 2020 நவம்பர் 23 முதல், நெரிசல் இல்லாத நேரத்தில், பெண்கள் எல்லோரும் போகலாம் என்றார்கள். மற்ற ஆண்களுக்கு அந்த அனுமதி டிசம்பர் 23இல்தான் வந்தது. ஒரு மாதம், ஒரே ஒரு மாதம், அந்த ரயில் எங்கள் ரயிலாக இருந்தது. கும்மிடிப்பூண்டியில் ஏறி ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்தேன். எதிரே ஒரு பாட்டி முந்தானையை முகத்தில் போட்டு நன்றாகத் தூங்கினார். பொதுப் பெட்டியில் ஒரு பெண் அப்படிப் படுத்துத் தூங்கி நான் பார்த்ததில்லை. அந்த மாதத்தைப் பற்றி யாராவது தனியாக எழுத வேண்டும்.

சென்ட்ரலில் இறங்கி நடந்தால் அண்ணா சாலையை ஒட்டி ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு. சந்துக்குள் சந்து, கடைக்கு மேல் கடை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கமும் ஆண்கள். நான் போன முதல் கடையில் முதல் கேள்வி, "சார் வரலையா மேடம்?"

"சாரை ரயில்ல ஏத்த மாட்டாங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

"பையனுக்கா? கேமிங்கா?"

"டிவியில மாட்டணும்."

"அப்ப சாருக்கு ஒரு போன் போடுங்க, நான் பேசிக்கிறேன். கொஞ்சம் டெக்னிக்கல்."

என் வீட்டுக்காரர் ரோலிங் மில்லில் பகல் ஷிப்டில் இருந்தார். போன் போட்டாலும் அவர் கேட்டிருக்கக்கூடியது "எவ்வளவு ஆகும்?" என்பதை மட்டும்தான். கையில் நான் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தேன், மளிகைச் சீட்டு மாதிரியே. கிராபிக்ஸ் கார்டு தேர்வு பெரிய வித்தை என்று நினைக்கும் தோழிகளுக்காக அதில் இருந்ததைச் சொல்கிறேன். என் கம்ப்யூட்டரின் போர்டில் நீளமாக ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் இருக்கிறது. பெட்டி ஒல்லி, ஆகவே அரை உயரக் கார்டுதான் உள்ளே போகும், அதற்கேற்ற குட்டைத் தகடும் டப்பாவிலேயே இருக்க வேண்டும். பவர் சப்ளை மொத்தமே 240 வாட், கார்டுக்கென்று தனி மின் ஒயர் கிடையாது. அதனால் ஸ்லாட்டிலிருந்து வரும் மின்சாரத்திலேயே ஓடும் கார்டு வேண்டும். விசிறி வேண்டாம். எங்கள் ஊர்த் தூசியில் சின்ன விசிறி ஒரு வருடம் தாங்காது, முதலில் கரகரக்கும், பிறகு நிற்கும். வெறும் அலுமினியத் தகடுகளால் சூட்டை வெளியேற்றும் கார்டில் அடைத்துக்கொள்ளவும் ஒன்றும் இல்லை, சத்தமும் இல்லை. கடைசியாக எச்டிஎம்ஐ, அதன் வழியே குரலும் வர வேண்டும். அவ்வளவுதான். அரிசி ரகம், கல் நீக்கியதா, எத்தனை மாதம் பழையது என்று கேட்டு வாங்குகிற எவளுக்கும் இது அதிகமில்லை.

அவர் எடுத்து வைத்தது ஜிடி 730. "நாலு ஜிபி மேடம்!" அந்தப் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட கார்டுகள் இருக்கின்றன. ஒன்று பழைய சில்லு, 49 வாட் இழுக்கும். மற்றவை புதிய சில்லு, அதில் பாதி. டப்பாவின் முன்பக்கம் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். பொன்னி என்று எழுதிய மூட்டைகளில் எத்தனை ரகம் வருகிறது என்று நமக்குத் தெரியாதா? 4 ஜிபி என்பதும் அப்படித்தான். மெதுவான நினைவகத்தை அந்தச் சின்னச் சில்லின் மேல் எவ்வளவு கொட்டினாலும் அது வேகமாகாது. டப்பாவைத் திருப்பி எத்தனை வாட் என்று காட்டச் சொன்னேன். "அதெல்லாம் பார்த்தா வாங்க முடியாது மேடம்" என்றார். வெளியே வந்தேன்.

உண்மையில் என் மனதில் இரண்டு கார்டு இருந்தன. என்விடியாவின் ஜிடி 710, 19 வாட். அதைவிடப் புதிய ஜிடி 1030, 30 வாட். யூடியூப் அப்போது பெரும்பாலும் விபி9 என்ற முறையில் வீடியோவை அனுப்பியது. 1030 அதைத் தானே விரிக்கும், 710க்கு அது தெரியாது, பழைய எச்.264 முறை மட்டும் தெரியும். விலை கிட்டத்தட்ட இரு மடங்கு. அந்த மாதங்களில் எதீரியம் தோண்டுபவர்கள் பெரிய கார்டுகளையெல்லாம் வாரிக்கொண்டு போய், தட்டுப்பாடு சின்னக் கார்டு விலையிலும் தெரிந்தது. எங்கள் வீட்டில் பகலில் நெட் நின்று நின்றுதான் வரும். வீடியோக்களை இரவில் போனில் இறக்கி பென் டிரைவில் மாற்றுவதுதான் என் முறை. இறக்கும்போதே எச்.264 கோப்பாக இறக்கினால் 710க்கு அது தண்ணீர் பட்ட பாடு. கையில் மிஞ்சும் காசுக்கு ஏழு பேருக்கும் வரைபடத்தாள், ஜியோமெட்ரி பாக்ஸ். நான்காவது கடையில் விசிறி இல்லாத 710 கிடைத்தது, 2 ஜிபி, குட்டைத் தகடு டப்பாவுக்குள்ளேயே. 4,200 ரூபாய். பில் போடும் பையன் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டான், "சார் பேர் மேடம்?" என் பெயரைச் சொன்னேன். வாரன்டி மூன்று வருடம், அந்தக் காகிதத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் திரும்பி வந்து கேட்க முடியும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாணவி ஒருத்தியின் அம்மா எங்கள் தெருவிலேயே இருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்றதால் அக்கா என்றே எழுதுகிறேன். எல்லைக்கு அந்தப் பக்கம் ஸ்ரீசிட்டியில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. கம்பெனி பஸ் நெடுஞ்சாலையில் வந்து ஏற்றிக்கொண்டு போகும். நான் டப்பாவைப் பிரித்து, வெள்ளி நிறப் பையிலிருந்து கார்டை எடுக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்தார். "இரு இரு. முதல்ல அந்த இரும்புப் பெட்டியைத் தொடு. நைலான் புடவை வேற கட்டியிருக்கே." பிறகு கார்டை அவரே எடுத்தார், ஓரத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்து. தங்க நிறப் பற்கள் மேல் கை படவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து ஒரு சுற்றுப் பார்த்தார். "சால்டர் எல்லாம் நல்லா உக்காந்திருக்கு. இந்தக் கெப்பாசிட்டர் மட்டும் லேசா சாய்ஞ்சிருக்கு. பரவால்ல, பாஸ் பண்ணிடலாம்."

ஒரு நாளைக்கு எத்தனை போர்டு பார்ப்பீர்கள் என்று கேட்டேன். எண்ணிக்கை சொன்னால் சூப்பர்வைசருக்குக் கேட்டுவிடும் என்பதுபோலக் குரலைத் தாழ்த்தினார். மணிக்கட்டில் மண்ணிணைப்புப் பட்டை கட்டிவிடுவார்களாம், உடம்பின் மின்சாரம் போர்டில் ஏறாமலிருக்க. சம்பளம் ஏன் கூடவில்லை என்று கேட்டால் இது திறமை வேலை இல்லை என்பார்களாம். "அப்ப ஆம்பளைங்களை ஏன் எடுக்கலன்னு கேட்டேன். பொம்பளைங்க கைக்குத்தான் இது வரும்னு சொல்றான்."

இது அக்காவின் சூப்பர்வைசர் கண்டுபிடித்த வாசகம் அல்ல. 1965 முதல் பத்தாண்டுகள் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், ஷிப்ராக் என்ற ஊரில், ஃபேர்சைல்ட் என்ற சில்லு நிறுவனம் ஒரு தொழிற்சாலை நடத்தியது. வேலை செய்தவர்களில் பெரும்பான்மை நவஹோ பழங்குடிப் பெண்கள். 1969இல் அந்த நிறுவனம் வெளியிட்ட மலரில் நவஹோ கம்பளத்தின் வடிவத்தையும் சில்லின் வடிவத்தையும் ஒப்பிட்டுக் காட்டினார்கள். தலைமுறை தலைமுறையாக நெய்தவர்கள், ஆகவே சில்லு செய்வது அவர்களுக்கு இயல்பு என்று பொருள்படும்படி. இயல்பாக வருவதற்கு எதற்குத் திறமைக் கூலி? நம் ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தி தொடங்கி 2014 நவம்பரில் மூடப்பட்ட நோக்கியா ஆலையிலும் கைபேசிகளைப் பூட்டியவர்களில் பெரும்பான்மை இளம்பெண்கள். மூடிய பிறகு அவர்களில் எத்தனை பேரை மின்னணு அறிந்தவர்கள் என்று யாராவது வேலைக்கு அழைத்தார்கள்?

ஆக, ஒரு போர்டு கன்வேயரில் வரும்போது அது பெண்களின் கைக்கு இயல்பாக வரும் வேலை. அதே போர்டு டப்பாவுக்குள் போய், விலை ஒட்டி, ரிச்சி தெரு கவுண்டரில் உட்கார்ந்ததும் கொஞ்சம் டெக்னிக்கல். இடையில் போர்டில் ஒன்றும் மாறவில்லை.

கார்டைச் சொருகியது அக்காவின் மகள். "டக்"கென்று ஒரு சத்தம் வர வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தார், வந்தது. எச்டிஎம்ஐ ஒயரைக் காலியாக இருந்த அந்தப் போர்ட்டில் மாட்டினோம். படம் வந்தது. ஆனால் நாலாபக்கமும் கொஞ்சம் கொஞ்சம் காணவில்லை. கீழே ஸ்டார்ட் பட்டன் இருக்கும் பட்டையே திரைக்கு வெளியே. இதற்கு ஓவர்ஸ்கேன் என்று பெயர். பழைய பெரிய டிவிகளில் ஓரங்கள் கோணலாக இருக்கும் என்பதால் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரத்தை வெட்டிவிடும் வழக்கம் இருந்தது. தட்டை டிவி வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. டிவியின் பட அளவு மெனுவில் தேடி, வெட்டாமல் முழுதாகக் காட்டும் அமைப்புக்கு மாற்றியதும் ஓரங்கள் திரும்பின. குரல் இன்னும் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருந்தது. ஒலி அமைப்பில் எச்டிஎம்ஐயைத் தேர்ந்தெடுத்ததும் டிவியில் வந்தது. எழுத்து? கடைசி வரிசையில் உட்கார்ந்த பெண் எழுந்து நின்று பாடநூலின் அடிக்குறிப்பைச் சத்தமாகப் படித்தாள்.

நேரம்தான் பெரிய பேரம். மாமா மதியம் சாப்பிட்டுத் தூங்கும் மூன்று முதல் ஐந்து வரை எங்களுக்கு என்று ஒப்பந்தம். ஆனால் அவர் தூங்காமல் கட்டிலிலேயே உட்கார்ந்துகொண்டார், பெண்கள் கூச்சப்பட்டுக் குரல் எழுப்பாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது வாரம் உயிரியல். பத்தாம் வகுப்பு அறிவியலில் தாவரங்கள் மற்றும் விலங்குகளில் இனப்பெருக்கம் என்று ஒரு பாடம் உண்டு. 32 அங்குலத்தில் கருப்பையின் குறுக்குவெட்டுப் படம், மாதவிடாய்ச் சுழற்சி, நாள் வாரியாக. மாமா இருமினார், துண்டை உதறித் தோளில் போட்டார், டீ குடிக்கச் சோதனைச்சாவடி பக்கம் போய்விட்டார். அதன்பின் மூன்றிலிருந்து ஐந்து வரை அவர் ஹாலில் இருந்ததில்லை. அந்தப் பாடத்தை அண்ணன் போனில், அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, இவர்களில் யாரும் பார்த்திருக்க முடியாது. தாண்டிப் போயிருப்பார்கள். நான் இரண்டு முறை போட்டேன்.

2021 பிப்ரவரியில் பத்தாம் வகுப்புத் தேர்வு இல்லை, எல்லோரும் தேர்ச்சி என்று அறிவித்தார்கள். சான்றிதழில் மதிப்பெண்ணே கிடையாது. ஏழு பேரில் ஒருத்தியின் அப்பா, "படிச்சவளும் பாஸ், படிக்காதவளும் பாஸ், அப்புறம் எதுக்கு?" என்று அவளை நிறுத்திவிட்டார். நானும் அக்காவும் மூன்று முறை போய்ப் பேசினோம், நடக்கவில்லை. மற்ற ஆறு பேரும் பிளஸ் ஒன் சேர்ந்தார்கள். அக்காவின் மகள் கணினி அறிவியல் பிரிவு கேட்டு வாங்கினாள்.

இப்போது வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல். நான் வாங்கிய கார்டின் சில்லு கெப்லர் தலைமுறை, அதற்கான வழக்கமான மென்பொருள் புதுப்பிப்பை என்விடியா 2021இலேயே நிறுத்திவிட்டது. ஆகவே இன்று 710 வாங்காதீர்கள். பழைய கம்ப்யூட்டர் வாங்குவதாக இருந்தால் இன்டெல் ஏழாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக, முதுகில் எச்டிஎம்ஐ இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். விபி9 அதற்கே தெரியும், தனிக் கார்டே தேவைப்படாது. கடைக்காரர் கார்டு வேண்டும் என்றால் எதற்கு என்று கேளுங்கள்.

அத்தை சொன்னது பலித்தது. கேபிள் வரவில்லை என்றால் மாமா என்னைக் கூப்பிடுகிறார், தெருவில் எந்த வீட்டு டிவி கறுத்தாலும் கூப்பிடுகிறார்கள். "நான் சொன்னேன்ல?" என்றார் அத்தை. ஆறு மாதம் இலவசமாகப் போனேன். பிறகு வீட்டுக்கு வந்து பார்க்க 150 ரூபாய் என்று சொன்னேன், அந்த வீட்டுப் பெண் யாராவது பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டால் வாங்குவதில்லை. முதலில் முணுமுணுத்தார்கள். இப்போது பெரும்பாலும் ஒரு பெண்ணை நிறுத்திவிடுகிறார்கள், 150 ரூபாய் மிச்சம்.

பாட நேரத்துக்கு வெளியே அந்தத் திரையை முதலில் கேட்டது அக்காதான். 2021 ஆடியில் ஒரு ஞாயிறு, உடன் வேலை செய்யும் மூன்று பேரை அழைத்து வந்தார். கையில் அவரவர் பி.எஃப். எண். ஒப்பந்தக்காரர் மாதாமாதம் பிடிக்கிறார், கட்டுகிறாரா என்று பார்க்க வேண்டும். போனில் அந்தப் பாஸ்புக்கைத் திறந்தால் எறும்பு ஊர்வதுபோல எண்கள், எந்தக் கட்டம் தொழிலாளி பங்கு, எந்தக் கட்டம் முதலாளி பங்கு என்று தெரியாது. டிவியில் ஒவ்வொரு வரியும் விரல் நீளம். நான்கு பேரும் தரையில் உட்கார்ந்து மாதம் மாதமாகப் படித்தோம். 2020 மே முதல் ஜூலை வரை தொகை குறைந்திருந்தது. அது ஊரடங்கில் அரசு 12 விழுக்காட்டை 10 ஆக்கிய கணக்கு, அதை விட்டுவிட்டோம். ஆனால் அதற்கடுத்து மூன்று பேருக்கு ஒரே இரண்டு மாதங்கள் இல்லவே இல்லை, பிடித்ததற்குச் சம்பளச் சீட்டு இருந்தது. அக்கா மகளிடம் நோட்டு வாங்கி நடுப்பக்கத்தைக் கிழித்தார். ஒருத்தி திரையைப் பார்த்து மாதத்தையும் தொகையையும் படிக்க, ஒருத்தி சம்பளச் சீட்டைப் படிக்க, அக்கா எழுதினார். திங்கட்கிழமை விடிகாலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது அந்தத் தாள் அவர் சாப்பாட்டுப் பையில் இருந்தது.